சைக்கிள் டயரில் வெட்டு, வெடிப்பு: எதை ஒட்டலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்

நீலகிரியில் உள்ள வெலிங்டனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக வராந்தாவில் சும்மா நின்ற 26 அங்குல கியர் சைக்கிளை எடுத்துத் துடைத்து ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். முன் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. பின் டயரின் நடுவில் கண்ணாடி கிழித்த வெட்டு ஒன்று, சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம் இருக்குமாம். இன்னும் பஞ்சர் ஆகவில்லை. கடைக்காரர் இரண்டு டயரையும் மாற்றச் சொல்கிறார், நண்பர் ஃபெவிகிவிக் விட்டால் போதும் என்கிறார். அடுத்த மாதம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கவும் எண்ணம் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின் டயரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். முன் டயரைக் கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஆனால் பார்த்து நன்றாகவே இருந்தாலும் அதை முன்னால் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் எந்த டயரைக் கையில் எடுத்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

டயர் என்றதும் நம் கண்ணுக்குக் கறுப்பு ரப்பர்தான் தெரியும். காற்றைப் பிடித்து வைத்திருப்பது டியூப். அந்தக் காற்று வெளியே தள்ளுகிற வேகத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நூல். நைலான் நூல் ஒரு சாய்வாக ஓர் அடுக்கு, அதற்கு எதிர்ச் சாய்வாக இன்னோர் அடுக்கு என்று படுத்திருக்கும், இரண்டு ஓரத்திலும் ரிம்மைப் பிடிக்கும் கம்பியைச் சுற்றி மடிந்திருக்கும். ரப்பர் அந்த நூலைப் போர்த்தியிருக்கிறது, சாலையைப் பிடிக்கிறது, தானும் தேய்கிறது, தண்ணீரும் மண்ணும் நூலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் வெட்டோ வெடிப்போ எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூலுக்கு அடி பட்டிருக்கிறதா? பார்க்கக் கோரமாக இருக்கும் ரப்பருக்கு அடியில் நூல் முழுசாக இருக்கலாம், அந்த டயர் இன்னும் ஓடும். வெளியே சின்னக் கீறலாகத் தெரிவதற்கு அடியில் பத்து நூல் அறுந்திருக்கலாம், அந்த டயரை நம்பக் கூடாது.

வெடிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இது வெட்டு மாதிரி ஒரே நாளில் வருவதல்ல. இயற்கை ரப்பருக்குக் காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோனே எதிரி. ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில் ஓசோன் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும், இழுபடும் திசைக்குக் குறுக்கே வெடிப்பு விழும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் அப்படி விழாது. வெயிலின் புற ஊதாக் கதிரும் மேல்தோலைக் காயவைத்துக் கடினமாக்கும். நம் ஊர் குளிர்தானே, வெயில் உறைக்கவில்லையே என்று நினைக்கிறோம், ஆனால் 1000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. குன்னூர் 1800 மீட்டருக்கு மேல், ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். வெயில் சுடவில்லை என்பதற்காகத் தெற்குப் பார்த்த வராந்தாவில் சைக்கிளை வருடக்கணக்கில் விட்டால் டயருக்கு அது தெரியும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்க மெழுகு மாதிரிப் பொருளும் வேறு சில மருந்துகளும் கலந்திருப்பார்கள். சைக்கிள் ஓட ஓட டயர் நெளிந்து கொடுக்கும், அப்போது அவை உள்ளிருந்து கசிந்து மேலே வந்து மெல்லிய படலமாகப் படியும். நிறுத்தியே வைத்த சைக்கிளில் நெளிவு இல்லாததால் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. தினம் ஓடும் பால்காரர் டயரைவிடச் சும்மா நின்ற டயரில் சீக்கிரம் வெடிப்பு விழுவது இதனால்தான். வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில், தீப்பொறி தெறிக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் சைக்கிளை வைப்பதும் நல்லதல்ல, அங்கே ஓசோன் உண்டாகும்.

சரி, உங்கள் முன் டயர். வெடிப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது வெயில் பட்ட பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் ஒரே மாதிரி முடி போல மெல்லியதாக இருந்தால் அது மேல்தோலில் மட்டும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே இடத்தில், நாலு விரல் நீளத்துக்கு, ஆழமாக இருந்தால் கவலைப்பட வேண்டும். மூன்று வருடம் காற்றில்லாமல் நின்றதில் தரையில் பட்ட இடம் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மடிந்தே கிடந்திருக்கும், அந்த மடிப்பில் ரப்பரோடு நூலும் பலவீனமாகியிருக்கும். டயரைக் கழற்றுங்கள். வெடிப்பு வாய் திறக்கும்படி இரண்டு கட்டைவிரலாலும் வளைத்துப் பிடித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கறுப்பாகவே தெரிந்தால் பிழைத்தது. வெளுத்த அல்லது பழுப்பு இழை தெரிந்தால் நூல் வெளியே வந்துவிட்டது, ஈரம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இழை பிசிறாக நின்றால் கதை முடிந்தது, அதற்கு எந்தப் பசையும் இல்லை.

திரும்ப மாட்டிக் காற்று அடித்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டையை ஒரு குறியாக வைத்துக்கொண்டு டயரை மட்டும் பாருங்கள். ரிம் நேராக ஓடும்போது டயர் மட்டும் ஓரிடத்தில் துள்ளினாலோ ஒரு பக்கம் நெளிந்தாலோ, ஒன்று டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் அந்த இடத்தில் உள்ளே நூல் அறுந்து காற்று அதைப் புடைக்கவைக்கிறது. காற்றை இறக்கி, சரியாக உட்காரவைத்து, மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் புடைப்பு அதே இடத்தில் இருந்தால் அந்த டயரில் தெருமுனை வரைகூடப் போக வேண்டாம்.

வெடிப்பு விழுந்த டயருக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மென்மையாகும், பார்க்கக் கறுப்பாகப் பளபளக்கும், வெடிப்பு அப்படியே இருக்கும், ரப்பரும் கெடும். செயினை மண்ணெண்ணெயில் கழுவும்போது டயரில் வழியவிடுவதும் இதே தப்புதான். டயர் பாலிஷ் எதுவும் விழுந்த வெடிப்பைக் கூடவைக்காது.

இனி வெட்டு. இதில் நம் மலைக்கென்று சில விஷயங்கள் உண்டு. கண்ணாடி முன்பு ரொம்ப மோசம். 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் ஏற்பாடு வந்தது, அதை நான் மனதார வரவேற்றேன். ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் உடைந்தவை சாலையோர மண்ணுக்குள் இன்னும் கிடக்கின்றன, ஒவ்வொரு மழையும் கொஞ்சத்தைத் தார் மேல் கொண்டுவந்து போடுகிறது. தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் கவாத்து எடுக்கும் காலத்தில் சாய்வாக வெட்டுப்பட்ட குச்சிகள் கிடக்கும், காய்ந்த பிறகு அவை ஆணிக்குச் சமம். வளைவுகளில் தார் பெயர்ந்து கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும் ஜல்லி. அப்புறம் லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் ஊசியைவிட மெல்லிய எஃகு இழைகள், இவை வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, உள்பக்கம் துணியால் தடவினால்தான் மாட்டும்.

மழைக்காலத்தில் பஞ்சர் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறோம். மண் அரித்துக் குப்பையைச் சாலைக்குக் கொண்டுவருவது ஒரு காரணம். இன்னொன்று, ஈர ரப்பர் எளிதில் அறுபடும். ரப்பரை அறுக்கும்போது கத்தியைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும் அல்லவா, அதே வேலையைத்தான் நனைந்த கண்ணாடிச் சில்லும் டயரில் செய்கிறது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்கு அப்புறம், வீடு திரும்பியதும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்துச் சில் ஏதாவது பதிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் முதல் நாளே உள்ளே போய்விடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நாலாவது நாள்தான் நூலைத் தொடும். நீங்கள் எடுத்த ஒவ்வொரு சில்லும் வராமல் போன ஒரு பஞ்சர்.

உங்கள் பின் டயரின் வெட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். டயரைக் கழற்றி, வெட்டு இருக்கும் இடத்தை வெளிப்பக்கமாக வளைத்து, ஊக்கு முனையால் உள்ளே இருக்கும் சில்லையும் மண்ணையும் நோண்டி எடுங்கள். பிறகு உள்பக்கம் முழுவதையும் ஒரு பழைய நைலான் காலுறையால் சுற்றித் துடையுங்கள், வெறும் விரலால் வேண்டாம், கூர்மையாக ஏதாவது இருந்தால் துணி மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். இருட்டறையில் டார்ச்சை உள்ளே வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் வெட்டு வழியாக வந்தால் வெட்டு நூலைத் தாண்டிவிட்டது. வராவிட்டால், உள்பக்கம் இழைகள் ஒழுங்காக வரிசையில் இருந்தால், ரப்பர் மட்டும்தான் வெட்டுப்பட்டிருக்கிறது.

ரப்பர் மட்டும் என்றால் உங்கள் நண்பர் சொன்னது சரிதான், ஆனால் அந்தப் பசை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். அது டயருக்குப் பலம் தராது. வெட்டு வாயை மூடி, மண்ணும் புதுச் சில்லும் அங்கே குடியேறாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, துளியூண்டு ஃபெவிகிவிக் விட்டு இரண்டு உதட்டையும் சேர்த்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறைய ஊற்றினால் கல் மாதிரி இறுகி, டயர் நெளியும்போது விரிசல் விட்டு, வெட்டை இன்னும் கிழிக்கும். எனக்குச் செருப்புக்குப் போடும் ரப்பர் பசைதான் பிடிக்கும், காய ஒரு ராத்திரி ஆகும், ஆனால் டயரோடு சேர்ந்து நெளியும். நம் ஊர்க் குளிரிலும் பனியிலும் ராத்திரி என்பதை ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரை ஓரமாக மாட்டிவைத்தால் சீக்கிரம் காயும்.

நூலும் அறுந்திருந்தால்? ஒன்றிரண்டு இழை, வெட்டு மூன்று நாலு மில்லிமீட்டர், அதுவும் சாலையில் படும் நடுப்பகுதியில் என்றால் உள்ளே துண்டு கொடுத்து ஓட்டலாம். இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். டியூப் பஞ்சருக்கு ஒட்டும் ரப்பரை எடுத்து டயரின் உள்ளே ஒட்டிவிடுகிறார்கள். அந்த ரப்பர் இழுத்தால் நீளும். வெட்டு வழியாக டியூப் பிதுங்கும்போது அதுவும் சேர்ந்து பிதுங்கும். உள்ளே வைக்கும் துண்டு நீளாததாக இருக்க வேண்டும், அதாவது அதற்குள்ளும் நூல் இருக்க வேண்டும். தூக்கிப் போட்ட பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து, ஓரக் கம்பி வராமல், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் வெட்டுங்கள். மெல்லிய டயராக இருந்தால் நல்லது. மூலைகளை உருட்டிவிடுங்கள். ஓரத்தை பிளேடால் சீவி உப்புத்தாளால் தேய்த்துக் காகிதம் போல் மெலிதாக்குங்கள், இதைச் செய்யாமல் விட்டால் துண்டின் ஓரமே டியூபை அறுத்துவிடும். டயரின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டிலும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, அழுத்தி ஒட்டுங்கள். மேலே கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் ஒட்டிக்கொள்ளாது. காற்று அடித்த பிறகு டியூபே அந்தத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

அரை அங்குலத்துக்கு மேல் நூல் அறுந்திருந்தால் எத்தனை துண்டு வைத்தாலும் நான் அதை ஓட்டமாட்டேன். பக்கவாட்டில் வெட்டு என்றால் இன்னும் கறார். பக்கவாட்டு ரப்பர் மெல்லியது, ஒவ்வொரு சுற்றிலும் நெளிவது. அங்கே துண்டு கொடுப்பது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். மீன்பிடி நைலான் நரம்பால் தைத்து உள்ளே துண்டு வைத்துச் சமவெளியில் பல நாள் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும், இறக்கத்தில் அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டியூப்லெஸ் டயரில் சிறு துளைக்குத் திரி செருகலாம், ஆனால் நூல் அறுந்த டயருக்கு இதே கணக்குத்தான்.

நடுவழியில் கிழிந்தால் பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து உள்ளே வையுங்கள். நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது, சாதாரணத் தாளைப் போலக் கிழியாது. பற்பசை தீர்ந்த குழாயைக் கழுவி வெட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, பையில் இடமே பிடிக்காது. காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடித்துக்கொண்டு மெதுவாக வீடு சேருங்கள்.

அந்த நோட்டு வித்தையை நான் குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே கற்றேன். கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள்தான் வீட்டில் நானே பிரேக் கட்டை மாற்றியிருந்தேன், பின்பக்கக் கட்டைகளில் ஒரு கட்டை இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறி இருந்திருக்கிறது. ரிம்மைப் பிடிக்க வேண்டிய கட்டை டயரின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து, நூலை ஒவ்வொன்றாக அறுத்து, துப்பாக்கிச் சத்தம் போல வெடித்தது. பின் சக்கரமாக இருந்ததால் வழுக்கி ஓரமாக நின்றேன், எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. முன் சக்கரமாக இருந்திருந்தால் நான் பஸ்ஸுக்குக் கீழேதான் போயிருப்பேன். அன்றிலிருந்து கட்டையைத் தொட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நாலு பக்கமும் குனிந்து பார்க்காமல் கிளம்புவதில்லை. கட்டையின் மேல் விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் ரிம் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

மேட்டுப்பாளையம் இறங்குவதைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இன்னொரு காரணம் சூடு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், ஆனால் பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பெரும்பங்கு ரிம்முக்குப் போகும். ரிம் சூடானால் உள்ளே காற்று விரியும், ரப்பர் இளகும், வெடிப்பு விழுந்த பக்கவாட்டுக்கு அதுதான் சோதனைக் காலம். விட்டு விட்டு, அழுத்திப் பிடித்து இறங்குங்கள். வழியில் காட்டேரி, பர்லியார் என்று நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதை இதைவிடச் செங்குத்து, அங்கே பழைய டயரோடு போகும் பேச்சே வேண்டாம்.

உயரம் மாறினால் டயர் வெடிக்கும் என்ற பயம் மட்டும் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்று ஊட்டிக்கு வரும்போது உயரத்தால் 3 பி.எஸ்.ஐ. அளவு கூடும், குளிரால் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். காற்றுக் குறைவாக ஓட்டுவதுதான் உண்மையான கெடுதல். பக்கவாட்டு அளவுக்கு மேல் மடிந்து மடிந்து வெடிப்பு பெரிதாகும், பள்ளத்தில் விழுந்தால் ரிம்மே டயரைக் கடிக்கும். உறைபனிக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

ஆக, வெட்டை மூடி பின் டயரை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு புது டயர் வாங்கி முன்னால் போடுங்கள். முன் டயர் போனால் திருப்பவும் முடியாது, பிரேக்கும் உதவாது, அதனால் இருப்பதில் நல்லது எப்போதும் முன்னால். கழற்றிய முன் டயர் சோதனையில் தேறினால் பின்னால் போட வைத்திருங்கள், தேறாவிட்டால் துண்டு வெட்ட உதவும். புதுசு வாங்கும்போது 26 என்று மட்டும் சொல்லாதீர்கள், 26 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் உண்டு. பழைய டயரில் கோடு போட்டு இரண்டு எண் இருக்கும், உங்கள் சைக்கிளுக்கு இரண்டாவது எண் பெரும்பாலும் 559 ஆக இருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் டயரைக் கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள், வெயில் படும்படி வருடக்கணக்கில் வாசலில் தொங்கிய புது டயரிலும் இதே வெடிப்பு இருக்கும். மாட்டும்போது டயரில் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேரே வரட்டும், பிறகு எப்போதாவது டியூபில் ஓட்டை விழுந்தால் டயரில் எந்த இடத்தில் சில் இருக்கிறது என்று உடனே கண்டுபிடிக்கலாம். புது டயர் மேலே கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும். லவ்டேல் வரை இரண்டு மூன்று தடவை போய்வந்து அதைத் தேயவிட்டு, பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மழை இல்லாத ஒரு காலையில் இறங்குங்கள்.